காடைப் பண்ணை போடப் போறீங்களா? முதல்ல வாசல்ல செருப்பைக் கழட்டுங்க!

பென்னலூர் பக்கம் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவரா நீங்கள்? "சைடுல ஒரு காடைப் பண்ணை போட்டா என்ன ப்ரோ?" என்று ரூம்மேட் ஒருவராவது கேட்டிருப்பார். கேட்பதில் நியாயம் இருக்கு. முட்டை 17, 18 நாளில் பொரிந்துவிடும். ஐந்து வாரத்தில் காடை விற்பனைக்கு ரெடி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'நந்தனம் காடை' ரகங்களையே உருவாக்கியிருக்கிறது.

ஆனால், கூடவே ஒரு டயலாக்கும் வரும். "காடைக்கு நோயே வராது!"

உண்மையா?

பாதிதான். கோழியைவிடக் காடை தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். குடலில் புண் உண்டாக்கும் ஒரு பாக்டீரியா நோய்க்கு 'காடை நோய்' என்றே பெயர். வெள்ளைக்கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் காடையையும் தாக்கும். 1997-ல் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸ் 18 பேரைத் தாக்கியது, 6 பேர் இறந்தார்கள். அந்த வைரஸின் மரபணுக்களில் ஒரு பகுதி காடையிடமிருந்து வந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் சந்தேகித்தார்கள்.

எப்படி உள்ளே வருது?

பெரும்பாலும் நம் காலோடுதான். செருப்பில் ஒட்டிய எச்சம், வியாபாரி கொண்டுவரும் கூண்டு, பல பண்ணைகள் சுற்றிவந்த முட்டை அட்டை, தீவனம் தேடி வரும் எலி, காக்கா. மழைக்காலம் முடிந்ததும் சுற்றுவட்டார ஏரிகளுக்கு வரும் நீர்ப்பறவைகளும் வைரஸைச் சுமந்து வரலாம்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்த விஷயம்தான். கடைப்பிடிப்பதில்தான் சிக்கல். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷூ கவர், தொப்பி இல்லாமல் லைனுக்குள் விடுவார்களா? மேனேஜருக்கும் அதே ரூல்தான். பண்ணையில் மட்டும், "நம்ம அண்ணன்தானே" என்று வியாபாரியை ஷெட்டுக்குள் விட்டுவிடுகிறோம்.

என்ன செய்யணும்?

* ஷெட்டுக்கு என்றே தனிச் செருப்பு. அதை வெளியே போடக் கூடாது.
* வாசலில் கிருமிநாசினித் தொட்டி. சேற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் காலை நனைக்கணும். தண்ணீர் கலங்கிவிட்டால் மருந்து வேலை செய்யாது, தினமும் மாத்துங்க.
* வியாபாரம் கேட்டுக்கு வெளியே. கூண்டையும் ட்ரேயையும் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே உள்ளே எடுக்கணும்.
* வீட்டு நாட்டுக்கோழி, வாத்து ஷெட் பக்கமே வரக் கூடாது.
* ஒரே வயசுக் குஞ்சுகளை மொத்தமாக விட்டு, மொத்தமாக விற்றுவிடுங்கள். அடுத்த பேட்ச்சுக்கு முன் ஷெட்டைக் கழுவி, இரண்டு வாரம் காலியாக விடுங்கள்.
* செத்த காடையை ஏரிக்கரையில் வீசாமல், ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

திடீர்னு நிறைய செத்தா?

"மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளிடலாம்" என்றுதான் முதலில் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பறவைக் காய்ச்சல் உறுதியானால், ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வளர்க்கும் பறவைகள் எல்லாமே அழிக்கப்படும். அடுத்த தெருப் பாட்டி வளர்க்கும் நான்கு கோழிகளும் அதில் போகும். நீங்கள் விற்ற காடைகள் வேறு ஊருக்கும் நோயைக் கொண்டுபோகும்.

அதனால் விற்பனையை நிறுத்துங்கள். செத்த காடையை வெறும் கையால் தொடாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ, 1962 என்ற எண்ணுக்கோ அன்றைக்கே போன் போடுங்கள்.