பார்த்துத் தைக்கும் கைகள்



 எங்கள் தொழிற்சிகிச்சை அறையின் சுவரில் தொங்கும் சிறு துணிச் சித்திரங்களைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பார்க்க வரும் சபையார் பலரும் கேட்கிறார்கள். “இது என்ன படம்?” என்பது முதல் கேள்வி. “இதற்குப் பதில் ஒரு ரோஜாப்பூவோ சிலுவையோ தைக்கக் கூடாதா?” என்பது அடுத்தது. இரண்டுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறோம்.

பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெடுகத் தையல் ஓட்டி, குழந்தைக்கு மெத்தையாகப் போடும் வழக்கம் நம் பாட்டிமார் வீடுகளில் உண்டு. மேல்நாட்டார் குயில்ட் என்பதும் அடிப்படையில் அதுவே. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சோ பழைய போர்வையோ, அடியில் ஒரு துணி. மூன்றையும் பிணைக்கும் தையல். எங்கள் நோயாளிகள் செய்வது 8 அங்குலச் சதுரம் மட்டுமே. படுக்கவோ போர்த்தவோ உதவாது. சுவரில் மாட்டலாம், மேஜைமேல் விரிக்கலாம்.

இதைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் தொழுநோயினால் கையின் உணர்வை இழந்தவர்கள். இந்நோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சை உண்டு. ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ கிருமி ஒழிந்துவிடுகிறது. ஆனாலும் நம் தேசத்தில் இன்னும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. தாமதமாக வருகிறவர்களுக்குக் கிருமி போய்விடும், செத்துப்போன நரம்பு திரும்புவதில்லை. முழங்கை வழியாக வரும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும், அவற்றில் உணர்வும் இராது. மடங்கிய விரலை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தலாம். உணர்வைத் திருப்பித் தர எந்த அறுவைச் சிகிச்சையாலும் இயலாது.

வலி தெரியாதது நல்லதுதானே என்று சிலர் நினைப்பார்கள். சூடான டம்ளரைப் பிடித்தால் நாம் உடனே கையை எடுத்துவிடுகிறோம். இவர்கள் எடுப்பதில்லை, தோல் வெந்த பிறகே கண்ணுக்குத் தெரிகிறது. பூட்டில் சாவி இறுகிக்கொண்டால் சதை கிழியும் அளவுக்குத் திருகிவிடுகிறார்கள். எவ்வளவு அழுத்துகிறோம் என்று கை சொல்லாததால், எதையும் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அந்தக் காயத்தைக் கவனியாமல் விட்டால் சீழ் வைத்து, எலும்புவரை போய், விரல் குறுகிவிடுகிறது. ஆகவே கை செய்யாத காவலைக் கண் செய்ய வேண்டும். தினமும் மாலையில் கைகால்களை உற்றுப் பார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவும்படி ஒவ்வொருவருக்கும் கற்றுக்கொடுக்கிறோம். கேட்கும்போது எல்லாரும் தலையசைப்பார்கள். வீட்டுக்குப் போனதும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பார்ப்பது ஒரு பழக்கமாக வேண்டும். அதை உபதேசத்தால் மட்டும் உண்டாக்க முடியாது.

இந்தச் சித்திரம் தைப்பதோ பார்ப்பதிலேயே தொடங்குகிறது. முதல் நாள் ஊசி கிடையாது. வார்டில் உள்ள ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு அரைமணி நேரம் அதைப் பார்க்க வேண்டும். எவர்சில்வர் டம்ளரை மேலேயிருந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம். ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் சாய்ந்த பட்டைகளாக விழுகிறது. உணர்வற்ற பாதங்களுக்காக எங்கள் பட்டறையில் செய்யும் மெத்தென்ற ரப்பர் செருப்பில் இரண்டு வார், அடியில் வளைந்த ஒரு கறுப்பு வடிவம். பொருளை அப்படியே வரையச் சொல்வதில்லை. அதில் முதலில் கண்ணில் படும் மூன்று நான்கு கோடுகளையும், இரண்டு மூன்று நிறங்களையும் மட்டும் காகிதத்தில் போடச் சொல்கிறோம். டம்ளர் என்கிற பெயரை மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே இக்கலை.

அடுத்து, காகிதத்தை அச்சாக வைத்துத் துணியை வெட்டுவார்கள். கத்தரிக்கோலின் பிடியில் ஸ்பஞ்சு சுற்றியிருக்கும். வெட்டிய துண்டுகளை அடித்துணியில் பொருத்தக் குண்டூசி குத்துவதில்லை. அரிசிக் கஞ்சிப் பசையால் ஒட்டி, காய்ந்தபின் தைக்கிறோம். முனை மழுங்கிய, காது பெரிய ஊசியையே கொடுக்கிறோம். நெருக்கமாக நெய்த மில் துணியில் அது இறங்காது. கதரிலும் இழை தளர்ந்த கைத்தறியிலும் எளிதாக இறங்கும். ஊசியை இழுக்கப் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டு ரப்பர் போதும், இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. தையல் சாதாரண ஓட்டுத் தையல்தான். கால்மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது அறையின் சட்டம். விரலில் சிவப்பு கண்டால் அன்றைக்குத் தையல் நின்றுவிடும். அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் மாவுக்கட்டுப் பிரித்து, பயிற்சியாளர் சம்மதித்த பிறகே ஊசியைத் தொடலாம். கடைசியில் அடித்துணியின் ஓரத்தை முன்பக்கம் மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

ரோஜாப்பூ ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறோம். ரோஜா எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இதழ் கோணினால் குறை தெரியும். வாங்குகிறவர் பரிதாபப்பட்டு வாங்குவார். ஜன்னல் நிழலின் பட்டை கோணலாக இருந்தால் அது குறையல்ல, சில சமயம் அதுவே அழகு. பரிதாபத்தை விற்பது இப்பிரிவின் நோக்கம் அல்ல என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம்.

இது எங்கள் கற்பனை மட்டும் அல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் சந்ததியார் அங்கே வாழ்கிறார்கள். அவ்வூர்ப் பெண்கள் நைந்துபோன வேலைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் கிழித்து, குளிருக்குப் போர்வை தைத்தார்கள். சதுரத்துக்குள் சதுரமாக வைத்துத் தைக்கும் ஒரு மாதிரிக்கு ‘வீட்டுக்கூரை’ என்றே பெயர். 1966ஆம் ஆண்டு ஒரு எப்பிஸ்கோப்பல் சபைக் குருவானவரின் உதவியால் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைத்து இவற்றை விற்றார்கள். 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்திலும் அப்போர்வைகள் ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கின. 2006இல் தபால்தலைகளாகவும் வெளிவந்தன.

நம் வேலூரிலும் இதற்கொத்த முன்மாதிரி உண்டு. மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், கை நிமிர்ந்தால் மட்டும் போதாது, அக்கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று கண்டார். 1950ஐ ஒட்டி, வயதான ஒரு மிஷனெரி அம்மையாரின் காணிக்கையைக் கொண்டு புதுவாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே நோயாளிகள் மரப் பொம்மைகள் செய்யக் கற்றார்கள். தம் கைகளைத் தாமே கவனித்துக் காக்கவும் கற்றார்கள். நாங்கள் செய்வது அதே வழியில் ஒரு சிறு அடி.

யோப்பா பட்டணத்துத் தொற்காளைப்போல் நம் சபைகளில் தையல் தெரிந்த சகோதரிகள் அநேகர் உண்டு. உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கூடும்போது எங்களுக்காக வெட்டுத்துணிகளைச் சேர்த்து வையுங்கள். பருத்தித் துணியாக, துவைத்ததாக, உள்ளங்கை அளவாவது உள்ளதாக இருக்கட்டும். கைத்தறியும் கதரும் மிகவும் உதவும். நைலான், பாலியெஸ்டர் வேண்டாம்; வழுக்கும், இஸ்திரியில் உருகும். மூட்டையைக் கட்டுமுன் தயவுசெய்து ஒவ்வொரு துண்டையும் விரித்துத் தடவிப் பாருங்கள். உள்ளே ஒரு குண்டூசியோ ஊக்கோ இருந்தால் உங்கள் விரலுக்குத் தெரியும். இங்கே பிரிக்கிறவருக்குத் தெரியாது.