உட்காருதல்: ஆபத்தும் உரிமையும்

இலக்கிய விமர்சனம் எழுதுகிறவனுக்குப் புள்ளிவிவரத்தோடு என்ன சோலி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். புள்ளிவிவரமும் ஒரு பிரதிதான் என்பது என் பதில். அதற்கும் ஆசிரியன் உண்டு, மௌனங்கள் உண்டு. ஆங்கிலத்தில் அதைக் குறிக்கும் சொல்லே ‘அரசு’ என்பதற்கான சொல்லின் வேரிலிருந்து வந்தது. யாரை எண்ணுவது, எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது எல்லாம் அதிகாரம் சார்ந்த முடிவுகள்.

அலுவலகப் பழக்கங்கள் குறித்த கணக்கெடுப்புகளை எடுத்துக்கொள்வோம். எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்? மேசையிலேயே சாப்பிடுகிறீர்களா? எத்தனை டீ குடிக்கிறீர்கள்? விடைகள் சதவீதமாகி, கடைசியில் அறிவுரையாகத் திரும்பி வருகின்றன: எழுந்து நட, தண்ணீர் குடி, முதுகை நிமிர்த்து. அதாவது ஆபத்து உன் பழக்கத்தில் இருக்கிறது, நீயே பொறுப்பு. வேலை கொடுத்தவன் சத்தமில்லாமல் நழுவிவிடுகிறான்.

நெடுநேரம் உட்காருவது கேடு என்பது பொய்யல்ல. லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து ஜெர்ரி மோரிஸ் குழுவினர் 1953இல் வெளியிட்ட முடிவு இது: இருக்கையிலேயே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. ஆனால் ஓட்டுநர் சோம்பேறித்தனத்தால் உட்காரவில்லை, வேலை அவரை உட்கார வைத்தது. ‘பழக்கம்’ என்ற சொல் மறைப்பது இதைத்தான்.

1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இந்த மறைப்பைக் கிழித்தது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 17,500க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள், எல்லோரும் ஆண்கள். ‘ஹார்ட் அட்டாக்கெல்லாம் பெரிய ஆபீசருக்குத்தான் வரும், அவருக்குத்தானே டென்ஷன்’ என்று நம் ஊரிலும் சொல்வோமில்லையா? மைக்கேல் மார்மட் குழுவினர் கண்டது நேரெதிர். கடைநிலையிலிருந்த ஏவலர், வாயிற்காவலர் போன்றோரின் இறப்பு விகிதம் உச்சியிலிருந்த நிர்வாகிகளுடையதைப்போல மூன்று மடங்கு. பதவியில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து ஏறியது. புகைத்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தும் இந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளக்க முடியவில்லை.

மீதியை விளக்க 1985இல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. 10,308 பேர், மூன்றில் ஒருவர் பெண். இந்த முறை வேலை பற்றியே கேட்டார்கள். எதை, எப்படி, எந்த வேகத்தில் செய்வது என்று தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று தெரிந்தது. படிநிலை உடலுக்குள் இறங்குகிறது. வேலை உத்தரவாதம் உள்ள அரசு ஊழியர்களுக்குள்ளேயே இந்த நிலை என்றால், நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர்களை என்ன சொல்ல?

இங்கே நம்மூர்த் துணிக்கடையை நினைத்துப் பாருங்கள். அலுவலகத்தாருக்கு ‘கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்’ என்று சுகாதாரப் பக்கங்கள் உபதேசித்துக்கொண்டிருந்த காலத்தில், விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தார்கள். கேரளத்தில் அவர்கள் போராடிய பிறகே 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல்தான் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதி கட்டாயம் என்ற பிரிவு சேர்ந்தது. ஒருவருக்கு ஆபத்தாக இருக்கும் உட்காருதல் இன்னொருவருக்குப் போராடிப் பெற்ற உரிமை. இரண்டு இடத்திலும் பிரச்சினை ஒன்றே: தன் உடலை எப்போது அசைப்பது, எப்போது இருத்துவது என்ற முடிவு உழைப்பவரிடம் இல்லை.

எண்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் 2016இல் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் இதய நோயிலும் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. இந்த எண் விரலை நீட்டுவது முதலாளியின் கடிகாரத்தை நோக்கி. ஆனால் அலுவலக வாசலோடு நின்றுவிடும் கணக்கில் பெண்ணின் பாதி நாள் விடுபடுகிறது. 2019 இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97.

1880இல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காகச் சுமார் நூறு கேள்விகள் தயாரித்தார். காற்றோட்டம், கழிவறை, விபத்து எல்லாம் அதில் உண்டு. பதில் எழுத வேண்டியவர்கள் தொழிலாளர்களே, அதிகாரிகள் அல்ல. நம் சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் இந்த மாதிரிக் கணக்கைத் தாங்களே எடுக்கலாம். எத்தனை டீ என்பதை விட்டுவிடுவோம். மூத்திரம் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது? சட்டம் சொன்ன ஸ்டூல் வந்ததா, வந்தால் அதில் உட்கார விடுகிறார்களா? உடம்புக்கு முடியலைன்னு லீவு கேட்டால் என்ன பதில்? முதலில் இந்த மூன்றையும் கேட்போம்.