மணத்தை மீட்ட றோஜா

பூக்கடையில் விற்கும் றோஜாவை மூக்கருகே கொண்டு சென்று பாருங்கள். நிறமிருக்கும், வடிவிருக்கும், பலவற்றில் மணமிருக்காது. நீண்ட காம்பும் எளிதில் வாடாத இதழும் வேண்டுமென்று கலப்பினம் செய்தவர்கள் வாசனையைக் கவனிக்கத் தவறியதன் விளைவு இது.

இந்தக் குறை, இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்த டேவிட் ஒஸ்டினை உறுத்தியது. பழைய றோஜாவின் மணத்தையும், புதிய றோஜாவின் திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்பையும் ஒரே செடியில் சேர்க்க முயன்றார். 1961இல் வெளிவந்த அவரது 'கொன்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' மணத்தது. ஆனால் வருடத்துக்கு ஒரு முறைதான் பூத்தது. மேலும் 25 வருடங்கள் கழித்து, 1986இல் 'கேர்ட்ரூட் ஜீக்கில்' வந்தது. தோட்டக்கலையில் பெயர்பெற்ற ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பெயர் அது.

ஏறக்குறைய ஐந்தடி வளரும் புதர்ச்செடி. மொட்டைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள், அவ்வளவு சிறியது! விரிந்ததும் கடும் றோஸ் நிறத்தில், உள்ளங்கை கொள்ளாத பூவாக, இதழ்கள் சுருள் சுருளாக அடுக்கி நிற்கும். கோடையின் தொடக்கத்தில் பூத்து, இடைவெளி விட்டு மீண்டும் பூக்கும். முள்தான் அதிகம். கையுறையின்றிக் கிளை நறுக்கப் போகக்கூடாது.

மணமோ நமக்குப் புதியதல்ல. இதன் பெற்றோரில் ஒன்றான 'கொம்த் டி ஷம்போர்', திமிஷ்க் நகரின் பெயர் தாங்கிய டமஸ்க் றோஜாவின் வழிவந்தது. தாயிப் மலைகளில் அத்தருக்கும் பன்னீருக்குமாக விடியற்காலையில் பறிக்கப்படுவதும் அந்த டமஸ்க் இனமே. கஃபதுல்லாஹ்வைக் கழுவும்போது ஸம்ஸம் நீருடன் கலக்கப்படுவதும் றோஜாப் பன்னீர்தான்.