இறுவட்டின் பிரதியும் மாற்றுருவும்

டீவீடீ இறுவட்டைப் பிரதி செய்தல் வேறு. அதனைக் கையடக்கக் கருவிக்கேற்ப மாற்றுதல் வேறு. பால் முறையில் வட்டின் படம் 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. 2005 இல் படங்காட்ட வந்த ஐபொட்டின் திரையோ 320க்கு 240 புள்ளிகளே. எனவே ஹான்ட்பிரேக் போன்ற மென்பொருள்கள் எம்பெக்-2 முறையிற் பதிந்த படத்தை விரித்து, அளவு குறைத்து, எச்.264 முறையிற் சுருக்கின. அங்ஙனம் களைந்த நுட்பங்கள் மீளா; மாற்றுருவையே காப்புப் பிரதியென நம்பி வட்டைக் கைவிடுதல் பேதைமை.

முழுப் பிரதிக்கோ பூட்டொன்று தடையாயிருந்தது. அதன் திறவுகோல் 40 பிற்று நீளமே, வலிய பூட்டன்று. 1999 இல் டீசீஎஸ்எஸ் என்னும் நிரல் அதனைத் திறந்தது. அதன்பொருட்டு வழக்கிடப்பட்ட நோர்வே இளைஞர் யோன் யொகான்சன், தாம் வாங்கிய வட்டைத் தாம் பார்த்தல் குற்றமன்றென 2003 இல் விடுதலை பெற்றார். ஐக்கிய அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டமோ பூட்டைத் திறத்தலையே விலக்கியது. சொந்தக் காப்புப் பிரதிக்கும் அதில் விதிவிலக்கில்லை.