கைப்பேசிக்கு வந்துவிட்ட தேர்தல் மேடை

கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் முன்பெல்லாம் தேர்தல் என்றால் லயத்துக்கு வரும் தொழிற்சங்கத் தலைவரும் கடைவீதிக் கூட்டமும்தான். இப்போது வேட்பாளர் வருமுன்பே அவருடைய பேச்சு வட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.

இதற்கு நம் தேர்தல் முறையும் ஒரு காரணம். 2024 பொதுத் தேர்தலில் கண்டி மாவட்டத்துக்கு 12 ஆசனங்கள். கட்சிக்கு வாக்களித்தபின் மூவருக்கு விருப்பு வாக்கு போடலாம். எனவே சொந்தப் பட்டியலில் இருப்பவரும் போட்டியாளரே. கட்சிக்கு ஒரு பேஸ்புக் பக்கம் இருந்தும் வேட்பாளர்கள் தனித்தனிப் பக்கம் நடத்துவது அதனால்தான்.

பேஸ்புக்கில் காசு கட்டிப் போடும் அரசியல் விளம்பரத்தை மெட்டாவின் விளம்பர நூலகத்தில் எவரும் பார்க்கலாம். வேட்பாளர் பெயரைத் தட்டினால் பணம் கட்டியவர் யார், ஏறத்தாழ எவ்வளவு என்பது தெரியும். டிக்டொக் அரசியல் விளம்பரங்களை ஏற்பதில்லை. அங்கே ஆதரவாளர்களின் துண்டு வீடியோக்களே பிரசாரம். வட்ஸ்அப்பிலோ பல கை மாறிய செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி மட்டும் இருக்கும். முதலில் அனுப்பியவர் யாரென்று தெரியாது.

சட்டம் தடுமாறுவது இங்கேதான். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் செலவுக்கு வரம்பு வைத்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் ஒருவருக்கு, வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்பது உச்சவரம்பு. பெயரில்லாத பக்கம் செய்த செலவை யார் கணக்கில் எழுதுவது? அதே தேர்தலில் செப்டெம்பர் 18 நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. கூட்டத்தைப் பொலிஸ் நிறுத்தலாம், குடும்பக் குழுவில் சுற்றும் வீடியோவை எப்படி நிறுத்துவது?

தோட்ட மக்களுக்கு இந்தக் கைப்பேசிப் பிரசாரம் வயிற்றுப்பாட்டு விஷயம். 2024 மே தினத்தில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. செப்டெம்பரில் உறுதியானதோ 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம். அரை நிமிட வீடியோவில் 1,700 அடங்கிவிடும். இடையில் வந்த வர்த்தமானி, வழக்கு, சம்பள நிர்ணய சபைப் பேச்சு எதுவும் அடங்காது.

பொய்ச் செய்தியின் விலை கண்டிக்குத் தெரியும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நாட்டில் முடக்கப்பட்டன. தன் தளம் வெறுப்பைப் பரப்பப் பயன்பட்டதற்காக பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. உள்ளூர் மொழி அறிந்த கண்காணிப்பாளர் போதாமையே அன்றைய பெருங்குறை. பெயரில்லாத பக்கங்களின் சிக்கலைக் குறைக்க, வேட்பாளர்கள் தங்கள் பக்கங்களின் பட்டியலை வேட்புமனுவோடு கொடுப்பதும், அதைத் தேர்தல் ஆணைக்குழு தமிழிலும் வெளியிடுவதும் அடுத்த தேர்தலுக்கு முன்பே செய்யக்கூடிய வேலைகள்.