கை முறுக்கு வீடியோ ஊர் ஊராகப் போன கதை



"வீடியோ எடுத்துப் போட்டோம், யாருமே பாக்கல" என்று போன கூட்டத்தில் பல குழுக்கள் வருத்தப்பட்டீர்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பேனர் கட்டி, பாக்கெட்டுகளை அடுக்கி, வரிசையாக நின்று குழுவின் பெயர், தொடங்கிய ஆண்டு, வாங்கிய கடன் எல்லாம் ஒப்பித்தோம். மூன்று நிமிடம். சொந்தக்காரங்ககூட முழுசா பாக்கல.

அடுத்த தடவை பேச்சே இல்லை. எங்கள் அக்கா ஒருவர் கை முறுக்கு சுற்றுவதை மட்டும் எடுத்தோம். மாவு விரல் நுனியில் முறுக்கேறி வட்டமாவது, எண்ணெயில் விழுந்ததும் வரும் சலசலப்பு, கடைசியில் ஒடிக்கிற 'மொறுக்' சத்தம். மொத்தம் 40 வினாடி. அதுதான் கைமாறிக் கைமாறிப் போனது. பார்க்கிறவர் முதல் இரண்டு மூன்று வினாடியிலேயே தள்ளிவிடலாமா என்று முடிவு செய்துவிடுகிறார். அதனால் நல்ல காட்சியை முன்னால் வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "இதப் பாரேன்" என்று காட்டத் தோன்ற வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2018-ல் தொடங்கி 2021-ல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அதில் வயல்வெளியும் அடுப்பும் சமைக்கிற சத்தமும்தானே!

எடுக்கும் முன் கேமரா கண்ணாடியை முந்தானையால் துடையுங்கள். போனை நிமிர்த்திப் பிடியுங்கள். வெளிச்சம் நம் முன்னாலிருந்து வரட்டும். காத்தாடியையும் டி.வி.யையும் நிறுத்துங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமையாளர் கேட்டால் வீடியோவையே எடுத்துவிடுவார்கள். "சர்க்கரை நோய் தீரும்" என்றெல்லாம் சொல்லவே கூடாது, அது சட்டப்படி தவறு. விலை, எடை, ஊர், ஆர்டருக்கான எண் கடைசியில் எழுத்தாக வரட்டும். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் தெரிய வேண்டும்.

எங்கள் தலைவலி அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு 10 கிலோதான் எங்களால் சுற்ற முடியும். வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் போன். ஆசைப்பட்டு கூரியரில் அனுப்பினோம், பாதி நொறுங்கிப் போய்ச் சேர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

இன்னொருவர் தன்னை ராணுவ அதிகாரி என்றார். 50 கிலோ வேண்டுமாம். முன்பணம் என்று ஒரு கியூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கம்மா, பணம் வந்துரும்" என்றார். எங்கள் பிரதிநிதி போடவே போய்விட்டார். பக்கத்திலிருந்த அவர் மகள்தான் போனைப் பிடுங்கினாள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, அது பணம் கொடுப்பதற்குப் போடுவது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

இப்போது எங்கள் வீடியோவில் "மூன்று நாள் முன்னதாகச் சொல்லவும், நம் மாவட்டத்துக்கு மட்டும்" என்று போடுகிறோம். போன் குறைந்திருக்கிறது, முறுக்கு மிஞ்சுவதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் வீடியோவைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.