முந்துவோருக்கு மருந்து, பிந்துவோருக்குக் காரணம்

விந்து முந்துதல் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பல நேரெதிர்க் கேள்வி கேட்கின்றன: எவ்வளவு நேரமானாலும் உச்சம் வருவதில்லை, இது வரமா வியாதியா?  அதிகம் குழப்பும் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, நான்கில் மூன்று முறையாவது தாமதம், அது ஆறு மாதமாகத் தொடர்வது, கூடவே மனவேதனை இருந்தால்தான் வியாதி என்கிறது. நிமிடக் கணக்கு இல்லை. விந்து வர ஆகும் நேரமென்று எல்லோரும் சொல்லும் 5.4 நிமிடம், ஐந்து நாடுகளில் 500 ஜோடிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து எடுத்த இடைநிலை அளவு (2005). அந்த ஐந்தில் சிங்கப்பூரும் இல்லை, இந்தியாவும் இல்லை.

தாமதத்துக்கு ஒரு காரணம் மருந்து. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் பராக்செட்டின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின் மாத்திரைகள் மூளையில் செரோட்டோனினைக் கூடுதல் நேரம் நிற்கவைக்கின்றன. விந்தை வெளியேற்றும் அனிச்சைச் செயலுக்கு அந்த செரோட்டோனின்தான் பிரேக். முந்துகிறவருக்குத் தரும் டாபாக்செட்டினும் இதே குடும்பம்தான்; ஒருவருக்குப் பக்கவிளைவு, இன்னொருவருக்குச் சிகிச்சை! கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. என்னை உறுத்துவது வேறு. ஸ்பெயினில் இம்மருந்துகளைச் சாப்பிட்ட 344 பேரிடம் நடத்திய ஆய்வில் (1997), பாலியல் சிக்கலைத் தாமாகச் சொன்னவர்கள் 14 விழுக்காடு. மருத்துவர் நேரடியாகக் கேட்டதும் அது 58 ஆனது. மருந்துப் பெட்டியில் ‘சிலருக்கு’ என்று அச்சிட்டிருந்தால், கேட்காமல் எடுத்த கணக்கோ என்றுதான் சந்தேகப்படுவேன். பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் கேட்கவில்லையா, நீங்களே சொல்லிவிடுங்கள். மாத்திரையை மட்டும் சொந்தமாக நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதும் வேறு மருந்துக்கு மாற்றுவதும் அவர் பொறுப்பு.

சிங்கப்பூரின் தேக்கா வாசகர் ஒருவருக்கு நீரிழிவு. உச்சம் வருகிறது, விந்து வரவில்லை. நரம்பு பழுதாகி விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போயிருக்கலாம். உச்சத்துக்குப் பிந்தைய சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

தனிமையில் உச்சம் வருகிறது, மனைவியோடு வரவில்லையே? பழகிப்போன இறுக்கமான பிடி காரணமாகலாம். பாலியல் ஆலோசகரைப் பாருங்கள், முடிந்தால் இருவருமாக.

மது? தாமதப்படுத்தும்.

இதற்கென்றே மாத்திரை உண்டா? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எதற்கும் ஒப்புதல் தரவில்லை. மருத்துவர்கள் தருபவை வேறு நோய்க்கான மருந்துகள்.

கள்ளத்தனமாக விற்கும் ‘ஆண்மை’ மாத்திரை? அது விறைப்புக்கு என்று விற்பது, இதற்கில்லை; ஆபத்தும்கூட. 2008 ஜனவரி முதல் மே வரை, நீரிழிவே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை தாறுமாறாக இறங்கி சிங்கப்பூர் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், நால்வர் இறந்தனர். அத்தகைய மாத்திரைகளில் கலந்திருந்தது கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து.